‘திறந்த நெருப்பு: இல்லை’ என்று எழுதியவன் நான்தான்

தெற்கு லண்டனில் எங்களுக்கு ஒரு கட்டடம் இருக்கிறது. கட்டடம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். விக்ரோறியா காலத்துச் செங்கல் வீடு, இரண்டு பக்கமும் அதே மாதிரி வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கீழே நான் நடத்துகிற பலசரக்குக் கடை. பக்கத்துக் கதவால் ஏறினால் முதலாம் மாடியில் ஒரு பிளாற், அதற்கு மேலே இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு மரப்படி. 2011இல் சீட்டுக் காசும் வங்கிக் கடனுமாகச் சேர்த்து வாங்கியது. இப்படிக் கீழே கடையும் மேலே வாடகைக்கு ஆட்களுமாக வைத்திருக்கிற எங்கள் ஆட்கள் இந்த ஊரில் நிறையப் பேர். இதை எழுதும்போது அவர்கள்தான் மனதில் இருக்கிறார்கள்.

அவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். கட்டடத்தில் நெருப்பு எங்கே பிடிக்கலாம், உள்ளே இருக்கிறவர்கள் எப்படித் தப்புவார்கள் என்று பார்த்து எழுதுகிற தீ அபாய மதிப்பீட்டை நாங்களே செய்து வைத்தால் போதுமா, இல்லை காசு கொடுத்து ஆள் பிடிக்க வேண்டுமா? நான் இரண்டையும் பிழையாகச் செய்து பார்த்தவன். அதனால் பதில் கொஞ்சம் சுற்றித்தான் வரும்.

சட்டத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். முந்தி 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஹோட்டல், கடை, அலுவலகம் போன்ற பல இடங்களைத் தீயணைப்புப் படையே வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்தது. 2005இல் போட்ட தீப் பாதுகாப்பு ஆணை 2006 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்தபோது இங்கிலாந்திலும் வேல்சிலும் அந்த முறை போய்விட்டது. இனிக் கட்டடத்தைக் கையில் வைத்திருக்கிறவர்தான் பொறுப்பாளர், அவரே ஆபத்தைத் தேடிப் பார்த்து ஒழுங்கு செய்ய வேண்டும் என்று ஆயிற்று. அதற்குப் பட்டமோ லைசென்சோ வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. மதிப்பீடு பொருத்தமாகவும் போதுமானதாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முந்தி ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருப்பவர்கள், லைசென்சின் கீழ் நடக்கிற இடங்கள் என்று சிலர்தான் அதை எழுத்தில் வைக்க வேண்டியிருந்தது. 2023 ஒக்ரோபர் 1 முதல் எல்லாருமே முழுதாக எழுதி வைக்க வேண்டும். ஆகவே ‘நானே செய்யலாமா’ என்றால், சட்டப்படி ஓம், செய்யலாம். செய்யத் தெரியுமா என்பது வேறு கதை.

நான் முதன்முதல் எழுதியது 2016இல். இன்சூரன்ஸ் புதுப்பிக்கிற நேரம் கேட்டார்கள். கிழக்கு லண்டனில் கடை வைத்திருக்கும் கூட்டாளி ஒருவன், தான் எங்கிருந்தோ எடுத்த படிவத்தை எனக்கு அனுப்பினான். ரில்லடியில் நின்றபடி, சனங்களுக்கு மிச்சக் காசு கொடுத்துக்கொண்டே, ஒரு கால் மணித்தியாலத்தில் நிரப்பிவிட்டேன். புகை அலாரம் இருக்கிறதா? இருக்கிறது. வெளியேறும் வழி தெளிவாக உள்ளதா? ஆம். தீயணைப்பான் இருக்கிறதா? இரண்டு. திறந்த நெருப்பு உண்டா? இல்லை. கையெழுத்தைப் போட்டு பைலுக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் திகதியை மட்டும் மாற்றினேன்.

2022 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை இரவு பத்தரை மணி. கடை பூட்ட ஆயத்தம். மேலே முதலாம் மாடியில் இருந்தது படிக்க வந்த ஒரு தம்பி. கோழி பொரிக்க எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, அறைக்குள் போய் ஊரோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்திருக்கிறான். எண்ணெய் பற்றியது. குசினியில் புகை அலாரம் இருந்தது, ஆனால் அதன் தலையில் குளிக்கும்போது போடுகிற பிளாஸ்ரிக் தொப்பி. மிளகாய் தாளிக்கிற ஒவ்வொரு தரமும் அது கத்தும் என்று அவன் மூடிவிட்டிருந்தான். நெருப்பைக் கண்டு பயந்து வெளியே ஓடி வந்தவன் பிளாற் கதவைச் சாத்தவில்லை. அவன் சாத்தத் தேவையே இல்லை, அது தானாக மூட வேண்டிய கதவு. கதவின் மேலே, அதை இழுத்து மூடுகிற கருவியின் கையைக் கழற்றி, ஒரு ஸ்குரூவில் சும்மா தொங்க விட்டிருந்தான்.

அந்தத் திறந்த கதவால் வந்த புகை முழுவதும் படிக்கட்டால் மேலே போனது. இரண்டாம் மாடியில் கானா நாட்டுக் குடும்பம், ஒரு சின்னப் பெண் பிள்ளை. கீழே சத்தம் கேட்டுத் தகப்பன் கதவைத் திறந்திருக்கிறார், கறுத்த புகை முகத்தில் அடித்திருக்கிறது. திரும்பச் சாத்தி, துவாயை நனைத்துக் கதவடியில் வைத்துவிட்டு, மூன்று பேரும் முன் ஜன்னலில் நின்றார்கள். நான் தெருவில் நின்று மேலே பார்த்தேன். வேறு படி இல்லை. தீயணைப்புப் படை வந்து ஏணி வைத்துத்தான் இறக்கியது. பிள்ளை தகப்பனுடைய சட்டையை விடவேயில்லை.

ஒருவருக்கும் காயம் இல்லை. குசினி போனது, படிக்கட்டுச் சுவர் மேல்வரை கறுத்தது. மற்றபடி எல்லாம் சரி என்று நாங்கள் ஆளுக்காள் சொல்லிக்கொண்டோம்.

அடுத்த வாரம் ஆய்வு அதிகாரி ஒரு பெண்மணி வந்தார். என் பைலைக் கேட்டார். நான் கொஞ்சம் பெருமையாகத்தான் எடுத்துக் கொடுத்தேன், ஏனென்றால் பக்கத்துக் கடைக்காரரிடம் பைலே இல்லை. ரில்லுக்கு முன்னால் நின்று ஒவ்வொரு வரியாக வாசித்தார். பிறகு கேட்டார்: “இரவு இரண்டு மணிக்கு இந்தக் கடைக்குள் நெருப்பு எடுத்தால் மேலே நித்திரை கொள்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?”

நான் சீலிங்கில் இருந்த அலாரத்தைக் காட்டினேன்.

“அது யாருக்குக் கேட்கும்?”

நான் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். கடை அலாரம் கடைக்குள் மட்டும் கத்தும். கடையும் பிளாற்றும் என் மனதில் இரண்டு வேறு இடங்கள். வாடகை வேறு, மின்சார மீற்றர் வேறு, வாசல் வேறு. நெருப்புக்கு மட்டும் அது ஒரே வீடு.

பிறகு அவருடைய விரல் படிவத்தில் ஒரு வரியில் நின்றது. நிமிர்ந்து என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். ரில்லுக்குப் பின்னால் சாமித் தட்டு. பிள்ளையார் படம், நல்லூர்க் கந்தன் படம், போன வருசத்துப் பிளாஸ்ரிக் மாலை, அதற்குக் கீழே குத்துவிளக்கில் ஒரு திரி நின்று எரிகிறது. விளக்குக்கு இடப் பக்கம் ரில் கடதாசிச் சுருள்கள். வலப் பக்கம் லைட்டர் பெட்டிகளும் லைட்டருக்கு அடிக்கிற காஸ் ரின்களும். மேல் தட்டு முழுக்க வொட்கா. அவர் விரல் நின்ற வரி: திறந்த நெருப்பு — இல்லை.

அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் வெட்கமாகப் போனது. நான் பொய் எழுதவில்லை என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? பதினொரு வருசமாக ஒவ்வொரு காலையும் என் கையால் நெருப்புக்குச்சி தட்டி ஏற்றுகிறேன். ஆனால் அது நெருப்பு என்று என் தலைக்குள் பதிந்ததேயில்லை. அது விளக்கு.

சொந்தக்காரர் தானே மதிப்பீடு செய்வதில் இருக்கிற பெரிய ஓட்டை இதுதான் என்று நினைக்கிறேன். சட்டம் தெரியாது என்பதை விட, அளவு தெரியாது என்பதை விட, கண் பழகிப்போய்விட்டது என்பதுதான். அறிவைப் படித்து எடுக்கலாம். பழகிய கண்ணுக்கு மருந்தில்லை.

குறைகளின் பட்டியல் கடிதமாக வந்தது, திருத்தத் தவணையும் போட்டிருந்தது. நான் உடனே எதிர்ப்பக்கம் ஓடினேன். காசு கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது என்ற நினைப்பு. இன்ரநெற்றில் தேடி, மிகக் குறைந்த விலை சொன்னவரைப் பிடித்தேன், 120 பவுண். வந்தவர் இருபது நிமிடம் நின்றார். மேல் பிளாற்றுக்கு ஏறவே இல்லை, கீழிருந்து ஒரு படம் எடுத்தார். இரண்டு நாளில் 38 பக்க றிப்போட் மின்னஞ்சலில் வந்தது. பார்க்க வடிவாக இருந்தது, நிறம் நிறமாகக் கட்டங்கள். பதினோராம் பக்கத்தில், லிப்ற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கும்படி அறிவுறுத்தியிருந்தார்கள். எங்கள் கட்டடத்தில் லிப்ற் கிடையாது. அரிசி மூட்டையே நான் தோளில்தான் ஏற்றுகிறேன்.

என் கால் மணித்தியாலப் படிவத்துக்கும் அந்த 38 பக்கத்துக்கும் ஒரே வித்தியாசம், அதற்கு நான் காசு கொடுத்தேன். இது சின்னக் கட்டடங்களில் மட்டும் நடக்கிற கூத்து என்று நினைக்க வேண்டாம். 2017 ஜூன் 14 அன்று எரிந்து 72 பேரைக் கொன்ற லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கோபுரத்துக்கும் மதிப்பீட்டாளர் ஒருவர் இருந்தார். 2024 செப்ரெம்பரில் வெளிவந்த விசாரணைக் குழுவின் இரண்டாம் அறிக்கை, அவர் தன் அனுபவத்தையும் தகுதிகளையும் பிழையாகக் காட்டியிருந்தார், சில தகுதிகள் அவரே உண்டாக்கியவை என்று சொல்லியது. மதிப்பீட்டாளர்களுக்குக் கட்டாயத் தகுதிச் சான்று வேண்டும் என்றும் அந்தக் குழு பரிந்துரைத்தது. அதற்கு முன் 2009இல் தீயில் ஆறு பேர் இறந்த லக்கனால் ஹவுஸ் என்ற லண்டன் அடுக்குமாடியில் நடந்தது வேறு விதம். அங்கே மதிப்பீடு செய்யப்படவே இல்லை. கட்டடச் சொந்தக்காரரான கவுன்சிலுக்கு 2017இல் 270,000 பவுண் அபராதம், வழக்குச் செலவு தனி. ஆள் பிடிக்காவிட்டாலும் பிழை, பிழையான ஆளைப் பிடித்தாலும் பிழை. இரண்டிலும் பொறுப்பு எங்கள் தலையில்தான். ‘அவர் சொன்னார், நான் நம்பினேன்’ என்பது கொஞ்சத் தூரம்தான் ஓடும்.

இரண்டாவது ஆளைத் தேடும்போது விலையைக் கடைசியாகக் கேட்டேன். எந்தப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறது, தொழில் பொறுப்புக் காப்புறுதி இருக்கிறதா, கடைக்கு மேல் பிளாற் இருக்கிற கட்டடம் ஒன்றுக்கு முன்பு எழுதிய றிப்போட்டைப் பெயரை மறைத்து அனுப்புவீர்களா என்று கேட்டேன். மூன்றாவது கேள்வியோடு இரண்டு பேர் திரும்பக் கூப்பிடவில்லை. மூன்றாமவர் அனுப்பினார். 480 பவுண். வந்து நாலு மணித்தியாலம் நின்றார்.

அவர் என்ன செய்தார் என்று கூடவே போய்ப் பார்த்தேன். அந்தக் காசுக்கு எனக்கு நடந்த படிப்பு அதுதான். கடையின் பின்னறையில் ஏணி வைத்து சீலிங் பலகை ஒன்றைத் தூக்கி ரோச் அடித்தார். மேல் குசினிக்குப் போகிற குழாய்களைச் சுற்றி ஒரு பெரிய ஓட்டை, எப்போதோ ஒரு பிளம்பர் வெட்டியது. அதைச் சாதாரண நுரையால் நிரப்பியிருந்தது. கடைக்கும் மேல் வீட்டுக்கும் நடுவே ஒரு மணித்தியாலம் நெருப்பைத் தாங்கக்கூடிய தடுப்பு இருக்க வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்கின்றன. எங்களுடையது அந்த ஓட்டையால் சில நிமிடம் தாங்கியிருந்தால் பெரிய காரியம். படிக்குக் கீழே இருந்த பியூஸ் பெட்டி பழைய பிளாஸ்ரிக். புதிதாகப் போடுகிறவை 2016 முதல் எரியாத பெட்டியாக இருக்க வேண்டும். அந்தப் பழசைச் சுற்றி நான் ரொய்லெற் கடதாசிக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தேன். வெளியேறுவதற்கு இருந்த ஒரே படிக்குக் கீழே, நானே கொள்ளி அடுக்கிய மாதிரி.

பிளாற் கதவைப் பார்க்க அவர் சட்டைப் பையில் இருந்து எடுத்தது ஒரு பவுண் நாணயக் குற்றி. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் சுற்றி வர வைத்துப் பார்த்தார். 2017இல் வந்த பன்னிரண்டு பக்கக் குற்றியின் தடிப்பு 2.8 மில்லிமீற்றர், கதவு இடைவெளி ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் இருக்க வேண்டும், ஆகவே குற்றி ஒரு நல்ல அளவுகோல். மேல் பக்கத்தில் குற்றி நுழையவே இல்லை. பூட்டுப் பக்கத்தில் இரண்டு குற்றிகளைச் சேர்த்து வைத்தாலும் ஆடியது. தெருக் கதவின் பூட்டு உள்ளேயிருந்தும் திறப்புப் போட்டால்தான் திறக்கும். புகைக்குள் நின்று திறப்புத் தேடுகிற நிலைமையை அவர் எனக்கு விவரிக்கவில்லை. “கையால் திருகுகிற பூட்டு, இந்த வாரமே” என்று மட்டும் சொன்னார்.

குசினி அலாரம் பற்றி அவர் சொன்னதுதான் எங்கள் ஆட்கள் முக்கியமாகக் கேட்க வேண்டியது. குசினிக்குள் வைக்க வேண்டியது வெப்பத்துக்குக் கத்துகிற அலாரம். புகை அலாரத்தை வெளியே நடைவழியில் வைக்க வேண்டும். எண்ணெய் காய, கடுகு வெடிக்க, செத்தல் மிளகாய் கருக, நாங்கள் சமைக்கிற ஒவ்வொரு நேரமும் கத்துகிற அலாரத்தை யார்தான் மூடமாட்டார்கள்? அந்தத் தம்பியை நான் ஏசியிருந்தேன். பிழையான அலாரத்தைப் பிழையான இடத்தில் பூட்டியவன் நான். கதவும் அதே கதைதான். “அண்ணை, அது அடிச்சு அடிச்சு நித்திரை கொள்ள ஏலாமல் இருந்தது” என்று அவன் முதலிலேயே சொன்னான், நான் காதில் எடுக்கவில்லை. கதவு மூடியின் உடம்பில் இரண்டு சின்ன ஸ்குரூ இருக்கும், ஒன்று வேகத்துக்கு, மற்றது கடைசியில் பூட்டுக்குள் விழுகிற விசைக்கு. அவற்றைக் கொஞ்சம் திருகியதும் கதவு சத்தமில்லாமல் மூடியது. காசே செலவில்லை.

மற்ற வேலைகளுக்குக் காசு போனது. அலாரங்களை எல்லாம் ஒன்றோடொன்று இணைத்தோம், கடைக்குள் ஒன்று கத்தினால் மேல் மாடி வரை கத்தும். சீலிங்கை அடைத்தோம், பிளாற் கதவு இரண்டையும் மாற்றினோம், பியூஸ் பெட்டியை மாற்றினோம். எல்லாமாக ஒன்பதாயிரம் பவுண் தாண்டியது. பழைய வீட்டைப் பிரித்துக் கட்டிய பிளாற் என்பதால், நெருப்பென்றால் உள்ளேயே இருங்கள் என்று சொல்ல முடியாது, எல்லாரும் உடனே வெளியேற வேண்டும் என்று முடிவாகி, அதைக் கடதாசியில் எழுதி இரண்டு மாடிக்கும் கொடுத்தோம், படியடியிலும் ஒட்டினோம்.

அப்படியென்றால் காசு கொடுத்து ஆள் பிடிப்பதுதான் சரியா என்று கேட்டால், அதுவும் பாதிதான். அந்த நாலு மணித்தியால மனிதர் வந்தது செவ்வாய்க்கிழமை காலை. சனிக்கிழமை இரவு அவருக்குத் தெரியாது. தம்பி போன பிறகு முதலாம் மாடிக்கு வந்தவர் சாப்பாடு கொண்டோடுகிற மின்சார சைக்கிள் வைத்திருந்தார், படியடியில் இரவிரவாகப் பற்றரியைச் சார்ஜ் போடுவார். மேல் மாடிக் குடும்பத்துக்குத் தம்பி முறையான, இரவு வேலைக்குப் போகிற ஒருவர் வந்து ஹோலில் பகலில் நித்திரை கொள்ளத் தொடங்கினார். இதெல்லாம் றிப்போட் வந்து ஒரு வருசத்துக்குள் நடந்தவை. கட்டடம் மாறாது, உள்ளே இருக்கிற வாழ்க்கை மாறிக்கொண்டே இருக்கும். அதைப் பார்க்கக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். பற்றரி விசயத்தில் சண்டை போடவில்லை. கடையின் பின்புறம் வெளியில் சைக்கிளுக்கு இடம் கொடுத்தேன், பற்றரியைக் கண் முன்னால், விழித்திருக்கும்போது மட்டும், சைக்கிளோடு வந்த சொந்தச் சார்ஜரில் போடச் சொன்னேன். தடை போட்டிருந்தால் கட்டிலுக்கு அடியில் ஒளித்துப் போட்டிருப்பார்.

ஆகவே இப்போது கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இது. ஒரே தளம், முன்னுக்கும் பின்னுக்கும் கதவு, இரவில் ஒருவரும் படுக்காத சின்னக் கடை என்றால் நீங்களே செய்யுங்கள். அரசு வழிகாட்டிகளைச் சும்மா இறக்கி வாசிக்கலாம், ஒரு ஞாயிறு போதும். மேலே ஒருவராவது நித்திரை கொள்கிறார், படி ஒன்றுதான், வீட்டைப் பிரித்துக் கட்டியது என்றால் தகுதியான ஒருவருக்குக் காசு கொடுங்கள், கூடவே ஏணி பிடியுங்கள். சுவருக்குள் இருப்பதை அவர் பார்க்கட்டும், ஆட்களை நீங்கள் பாருங்கள்.

நான் மாதத்தில் முதல் ஞாயிறு சுற்றிவருவேன். ஒரு ரோச், ஒரு பவுண் குற்றி, ஒரு கொப்பி. அலாரத்தை அழுத்திவிட்டு மேல் மாடிக்கு ஏறி நின்று கேட்கிறதா என்று பார்ப்பேன். கதவுகளைக் கொஞ்சம் திறந்து விட்டுப் பார்ப்பேன், முழுக்கத் திறந்து விட்டும் பார்ப்பேன், இரண்டு விதத்திலும் தானாகப் பூட்டில் விழ வேண்டும். படிக்கட்டு லைட்டை அணைத்துவிட்டு இருட்டில் இறங்கிப் பார்ப்பேன். முதல்தரம் அப்படி இறங்கியபோது பிள்ளையின் தள்ளுவண்டிலில் கால் தடக்கி விழப் பார்த்தேன், பகலில் அதை நூறுதரம் கடந்து போயிருக்கிறேன். பிழை கண்டால் பிழை என்றே எழுதி, திருத்திய திகதியைப் பக்கத்தில் போடுவேன். எல்லாம் சரி, எல்லாம் சரி என்று மட்டும் இருக்கிற கொப்பியை எந்த அதிகாரியும் நம்பமாட்டார்.

விளக்கும் கொப்பியில் ஏறிவிட்டது. மனைவி மின்சார விளக்குக்குச் சம்மதிக்கவில்லை. சாமித் தட்டை வொட்காவில் இருந்து தள்ளி எதிர்ச் சுவருக்கு மாற்றினோம், மாலையை எடுத்தோம், விளக்கு இப்போது ஒரு எவர்சில்வர்த் தாம்பாளத்தில் நிற்கிறது. திறந்த நெருப்பு: ஒன்று. ஏற்றுவது காலை ஏழு, அணைப்பது கடை பூட்ட முன், பொறுப்பு நான்.

2016இல் படிவம் தந்த அதே கூட்டாளி போன வருசம் கூப்பிட்டான். “மச்சான், உன்ர றிப்போட்டை அனுப்பு, பெயரை மாத்திப் போடுவம்” என்றான். அனுப்பவில்லை. ஞாயிறு நான் உன் கடைக்கு வருகிறேன், அடுத்த ஞாயிறு நீ என் கடைக்கு வா என்றேன். அவன் கடையில் வெளியேறும் பலகைக்கு முன்னால் கோலா மெசின் நின்றது. அவன் ஏழு வருசமாக அதைக் காணவில்லை. எனக்கு உள்ளே போன இரண்டாவது நிமிடம் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு அவன் வந்தான். நான் பதினைந்தாம் பக்கம் வரை நிரம்பிய கொப்பியைக் காட்டினேன். அவன் அதைத் திறந்தும் பார்க்காமல் நேரே பின்னறைக்குப் போனான். வெள்ளிக்கிழமை இறக்கிய அரிசி மூட்டைகள் பின்கதவை மறித்து அடுக்கியிருந்தன. நான்தான் அடுக்கினேன். இருவருமாக அன்றைக்கே நகர்த்தினோம், இருபது கிலோ மூட்டைகள், பதினான்கு.